கல்லறை முதலில், கோயில் பிறகு

எந்த ஊரிலும் முதலில் கோயிலைக் கட்டுவார்கள். கல்லறைத் தோட்டம் அதற்குப் பிறகுதான் வரும். மூணாறில் நடந்தது தலைகீழ். பழைய மூணாறில் சாலையைவிட்டு மேட்டில் ஏறினால் தென்னிந்தியத் திருச்சபையின் கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. அதற்கும் மேலே, குன்றின் சரிவில் கல்லறைகள். மூத்தது கல்லறையே.

1894 டிசம்பரில் எலினார் இஸபெல் மே என்ற ஆங்கிலப் பெண்மணி இங்கே காலராவில் மாண்டார். வயது 24. கணவர் ஹென்றி நைட், தோட்டத்துப் பெரிய துரை. இந்தக் குன்றின் அழகில் சொக்கிப்போய், "நான் செத்தால் இங்கேயே புதைத்துவிடுங்கள்" என்று அந்த அம்மாள் விளையாட்டாகச் சொன்னாராம். சில நாளிலேயே வாக்குப் பலித்துவிட்டதாம். கதையில் எத்தனை பங்கு மெய்யோ, கல்லறை மெய்.

பிறகு மற்ற வெள்ளையர்களும் அங்கேயே அடக்கமானார்கள். 1910-ல் கோயில் வேலை தொடங்கியது. 1911-ல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். வெளியே கருங்கல் சுவர். மழைக்கும் பனிக்கும் அசையாதது. உள்ளே நுழைந்தால் மரம். தலைக்கு மேல் கறுத்த மரச் சட்டங்கள், கீழே வரிசையாகக் கனத்த மர பெஞ்சுகள். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி. வெயில் ஏறும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

பார்வையைச் சுவருக்குத் திருப்பினால் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துரையின் பெயர்.

பின்லாந்து நாட்டில் பெத்தாயவேசி என்று ஒரு கிராமம். அங்குள்ள லுத்தரன் கோயில் 1763 முதல் 1765-க்குள் முழுக்க மரத்தால் கட்டியது. ஊர்ச் சபையார் தங்களுக்கென்று எழுப்பிக்கொண்ட கோயில் அது. மூணாறுக் கோயிலோ துரைமார்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. காடு வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளிய நம் ஆட்கள் கங்காணிக்குப் பின்னால் போடி மலைப்பாதையில் நடந்தே வந்தவர்கள். காலரா அவர்களையும் விடவில்லை. அவர்களுக்குப் பித்தளைத் தகடு ஏது?

ரயில்வேயில் இருப்பவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. இன்று இடுக்கி ஜில்லாவில் ரயிலே கிடையாது. ஆனால் 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அதை எடுத்துவிட்டு, எஞ்சின் இழுக்கும் சிறு ரயில் போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிக் கயிற்றில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 ஜூலை வெள்ளம் பாதையை அடித்துப்போனது. திரும்பப் போடவேயில்லை. குன்றின்மேல் இருந்த கோயில் தப்பியது.

துரைமார்கள் போய்விட்டார்கள். அவர்கள் அமர்ந்த பெஞ்சுகளில் இன்று லயத்து ஜனங்கள் அமர்கிறார்கள். ஆங்கிலம், மலையாளத்தோடு தமிழிலும் ஆராதனை நடக்கிறது. இது சின்ன மாற்றமல்ல.

ஆனாலும் மலையில் சாவு நம்மவரைத் தேடி வருவது நிற்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். கயத்தாறுப் பக்கம் வேருள்ளவர்கள் பலர். 66 உடல்கள் கிடைத்தன. நால்வரைத் தேடியும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களை ராஜமலையில் அடக்கம் செய்தார்கள். எலினார் அம்மாள் கல்லறையைப் படம் பிடிக்கிற சுற்றுலாக்காரர்களில் எத்தனை பேர் அங்கேயும் போகிறார்களோ!

பாலக்காட்டு அன்பர்கள் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாகப் போகலாம். மதுரைப் பக்கத்தார் போடி வரை ரயிலில் வரலாம். 2023 ஜூனிலிருந்து அந்த வண்டி மறுபடி ஓடுகிறது. அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். கம்பளி அவசியம்.