ஒரு எண்ணை மாற்றினால் அடுத்தவர் பத்திரம்!

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள் ஒரு வகை இன்ஷூரன்ஸ் எடுப்பது வழக்கம். வாங்கிய வீட்டில் வில்லங்கம் இருப்பது பின்னால் தெரியவந்தால், நஷ்டத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும்.

இந்தத் தொழிலில் பெயர்பெற்ற கம்பெனி "பர்ஸ்ட் அமெரிக்கன்". கலிபோர்னியா மாநிலத்தில், சான்டா அனா நகரில் இருக்கிறது.

வீடு வாங்குகிறவரும் விற்கிறவரும் இந்தக் கம்பெனியிடம் பல காகிதங்களைக் கொடுப்பார்கள். பாங்குக் கணக்கு எண், வரி கட்டிய விவரம், கடன் பத்திரம் எல்லாம் அதில் இருக்கும்.

கம்பெனி இவற்றை நகல் எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தது. அப்படிச் சேர்ந்த நகல்கள் 80 கோடிக்கும் மேல்!

திறந்து கிடந்த வாசல்

வாடிக்கைக்காரர்களுக்குக் காகிதம் அனுப்ப, இன்டர்நெட் வழியாகக் கம்பெனி ஒரு ஏற்பாடு செய்தது. வாடிக்கைக்காரருக்கு ஒரு "லிங்க்" வரும். அதைத் தொட்டால் அவருடைய காகிதம் தெரியும்.

அந்த லிங்கில் ஒரு எண் இருந்தது. அந்த எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். முன்பின் தெரியாத ஒருவரின் காகிதம் கண்முன் வந்து நின்றது! பாஸ்வேர்டு கேட்கவில்லை.

2019 மே 24-ந் தேதி, பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் இதை வெளியிட்டார். கம்பெனி உடனே அந்த வழியை மூடியது.

என்ன கோளாறு?

"இந்த எண்ணில் காகிதம் இருக்கிறதா?" என்று கம்ப்யூட்டர் பார்த்தது. "கேட்கிறவர் யார்? இதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா?" என்று பார்க்கவில்லை.

பழைய ஆபீசை நினைத்துப் பாருங்கள். வாசலில் காவல்காரர் இருப்பார். பீரோச் சாவி மானேஜரிடம் இருக்கும். குமாஸ்தாவுக்கு எல்லோருடைய முகமும் தெரியும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அது ஆபீசுக்கு உள்ளேயே இருந்தது. வெளியார் அதைத் தொட முடியாது.

அதே வேலையை இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோனால் சுவரும் இல்லை, வாசலும் இல்லை. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் கதவைத் தட்டலாம். காவல்காரர் செய்த வேலையை இனிக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. 1975-ம் ஆண்டிலேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க நிபுணர்கள் இதை எழுதிவிட்டார்கள். ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய உரிமை மட்டும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் உரிமையைச் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

1992-ல் டேவிட் பெராயோலோ, ரிச்சர்டு கூன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு சுலபமான முறையை எழுதினார்கள். உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல், அவர் பார்க்கும் வேலைக்குக் கொடுப்பதே அந்த முறை.

குமாஸ்தா கணக்கை எழுதலாம். மானேஜர் அதற்கு அனுமதி தரலாம். தணிக்கை அதிகாரி பார்க்கலாம். ஆனால் திருத்த முடியாது. ஒருவருக்கு வேலை மாறினால் உரிமையும் மாறும். வேலையை விட்டுப் போனால் உரிமையும் போகும்.

எழுதுகிறவரே அனுமதியும் தரக்கூடாது. நாலு பேர் சேர்ந்து ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளக்கூடாது. தப்பு நடந்தால், செய்தது யார் என்று தெரியாமல் போய்விடும்.

ஆகவே, பழைய ஆபீஸ் வேலையை இன்டர்நெட்டுக்கு மாற்றுமுன் ஒரு பட்டியல் போட வேண்டும். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எது தேவை, போனவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திரையில் ஒரு பொத்தானை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. பொத்தான் இல்லாமலும் உள்ளே வர வழி உண்டு. எண்ணை மாற்றினால் காகிதம் வரவில்லையா?

அபராதம்

பர்ஸ்ட் அமெரிக்கன் கம்பெனி ஊழியர்கள் இந்த ஓட்டையை 2019 ஜனவரியிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அது அடைபடவில்லை. விஷயம் மேலதிகாரிகளின் காதுக்கும் எட்டவில்லை.

இதற்காக 2021-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு இலாகா சுமார் 4 லட்சத்து 87 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தது. 2023-ல் நியூயார்க் மாநில நிதி இலாகா மேலும் 10 லட்சம் டாலர் வாங்கியது.

உங்களுக்கும் இப்படி லிங்க் வரலாம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோ, பாலிசியோ வரலாம். பாஸ்வேர்டோ ரகசிய எண்ணோ கேட்காமல் அது திறந்தால், அந்த லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிய ஆபீசுக்கும் உடனே சொல்லுங்கள்.