பந்தும் பிடியும்

'பிடி' என்னும் சிறு சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. வாளின் கைப்பிடியும் பிடி. கையளவு அரிசியும் பிடி. பெண் யானையும் பிடி. கிரிக்கெட் ஆட்டத்திலோ, உயர்ந்தெழுந்த பந்தைக் களத்தில் நிற்பவர் பற்றுவதையே பிடி என்று கொண்டு கைதட்டுகிறோம். பந்து வீசுபவர் தம் விரல்களுக்கிடையே அதனை ஏந்தி நிற்கும் பிடியைப் பலரும் நோக்குவதில்லை. பந்தின் போக்கோ அங்கேதான் தொடங்குகிறது.

மாலை வேளைகளில் கல்லூரித் திடலில் மாணவர் பலர் பந்தை உள்ளங்கைக்குள் புதைத்து, வலிமையெல்லாம் திரட்டி வீசுவதைக் கண்டிருக்கிறேன். என் மாணவப் பருவத்தில் யானும் அவ்வாறே செய்தவன்தான். இறுகப் பற்றினால் வேகம் கூடும் என்பது நம் எண்ணம். உண்மை அதற்கு மாறானது. உள்ளங்கையில் புதைந்த பந்து விரல்நுனியின் ஏவலுக்கு அடங்காது. விரல்கள் இறுகினால் மணிக்கட்டும் இறுகிவிடும்.

ஆடவர் ஆடும் பந்து ஏறத்தாழ 156 முதல் 163 கிராம் எடையுள்ளது. தக்கையாலான உள்ளீட்டின்மேல் நூல் சுற்றி, அதன்மேல் தோல் போர்த்தித் தைத்திருப்பர். புடைத்து நிற்கும் அத்தையலே வீச்சாளரின் கருவி.

வேகப்பந்து வீசுவோர் சுட்டுவிரலையும் நடுவிரலையும் தையலின் இருமருங்கிலும் சற்றே இடைவெளியுடன் வைத்தல் வேண்டும். பெருவிரல் கீழ்ப்புறத் தையலில் தாங்கி நிற்கும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் இடையே வெளிச்சம் தெரிய வேண்டும். தையல் நிமிர்ந்தே சென்றால், தரையில் பட்டதும் பந்து ஏதேனும் ஒரு பக்கம் விலகும். தையலைச் சற்றே சாய்த்து, பளபளப்பான பக்கத்தை எதிர்ப்புறம் வைத்து வீசினால், தையல் சாய்ந்த திசையில் பந்து காற்றிலேயே வளையும்.

சுழற்பந்தின் இலக்கணம் வேறு. ஆஃப் ஸ்பின்னில் இரு விரல்களும் தையலுக்குக் குறுக்காக அகன்று நிற்கும். கதவின் குமிழைத் திருகுவதுபோல் சுட்டுவிரல் பந்தை முறுக்கும். லெக் ஸ்பின்னில் சுட்டுவிரலும் நடுவிரலும் தையலின்மேல் குறுக்காக அமைய, மடங்கிய மோதிரவிரல் பக்கவாட்டில் தையலை அணைத்து நிற்கும். மணிக்கட்டு சுழலுங்கால் அம்மோதிரவிரலே பந்தை உந்துகிறது. பெருவிரலுக்கு இங்கே வேலை மிகக் குறைவு.

பிடியை மாற்றாமலே சுழற்சியின் திசையை மாற்றலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தின் பொசன்கெட். எதிரே இருப்பவர் பற்ற இயலாதவாறு மேசைமீது பந்தைத் தட்டும் ஒரு விளையாட்டிலிருந்து அவர் உருவாக்கி, 1900ஆம் ஆண்டளவில் களத்திற்குக் கொணர்ந்ததே 'கூக்ளி'. விரல்கள் அமைந்த இடம் அதுவே. மணிக்கட்டின் திருப்பம் மட்டுமே வேறு. பாகிஸ்தானின் அப்துல் காதிர் 1980களில் இக்கலையை மீண்டும் ஒளிபெறச் செய்தார்.

கேரம் பலகையில் காயைச் சுண்டுவதுபோல், மடக்கிய நடுவிரலால் பந்தைச் சுண்டிவிடுவது மற்றொரு முறை. சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தால் ஆடுவோர் அதனைச் 'சொடுக்கு பந்து' என்பர். இலங்கையின் அஜந்த மென்டிஸ் 2008ஆம் ஆண்டு ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தியபோது உலகம் அதனை வியந்தது. சென்னையின் அஸ்வினும் அதனைக் கையாண்டார். 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2024 டிசம்பரில் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து அவர் விடைபெற்றார்.

கற்கத் தொடங்குவோர் முதலில் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சுழற்றிப் பழகுக. பின்னர்க் குறுகிய தொலைவிலும், இறுதியில் 22 கெஜத்திலும் வீசுக. சிறுவர் தம் கைக்கேற்ற சிறு பந்தையே கொள்க. எட்டாத பந்தை விரித்துப் பிடித்தால் விரல் நோகும்; பிழையான பிடி வழக்கமாகிவிட்டால் பின்னர்த் திருத்துவது அரிது.

"என் கை சிறியது, வலிமையற்றது" என்று ஒதுங்கும் மாணவருக்கு ஒருவரை நினைவூட்ட விழைகிறேன். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை நலிவுற்றவர் பி. எஸ். சந்திரசேகர். அந்த மெலிந்த கையாலேயே அவர் 1971ஆம் ஆண்டு ஓவல் திடலில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தினார். இங்கிலாந்து மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுவே. மொத்தம் 242 டெஸ்ட் விக்கெட்டுகள் அக்கைக்கு உரியவை.

நழுவாத அளவுக்கு உறுதி, நசுங்காத அளவுக்கு மென்மை: பந்தின் பிடிக்கு இலக்கணம் இதுவே. விட வேண்டிய நொடியில் விடத் தெரிந்த கையே பிடிக்கத் தெரிந்த கை.