வீராசாமியின் குத்தகை

லண்டன் ரீஜண்ட் தெருவின் முதுகுப்பக்கம் ஸ்வாலோ ஸ்ட்ரீட் என்று ஒரு சந்து போகிறது. அங்கே ஒரு சின்ன வாசல். உள்ளே லிஃப்டில் ஏறினால் மாடியில் ஓர் உணவகம். பிரிட்டனில் இன்றைக்கும் அடுப்பு எரிகிற இந்திய உணவகங்களில் மூத்தது இதுதான். 1926-இல் திறந்தார்கள். பெயர் வீராசாமி.

இந்தப் பெயரைப் படித்ததும் நமக்கு ஒரு கதை தானாக ஓடும். நம் பக்கத்து வீராசாமி ஒருவர் கப்பலேறி, எங்கோ எச்சில் தட்டு கழுவி, பிறகு கடை போட்டு வெள்ளைக்காரனை மிளகாய் கடிக்க வைத்தார் என்று. அப்படி ஒருவர் இருந்ததில்லை. கடையைத் தொடங்கியவர் பெயர் எட்வர்ட் பாமர்.

பாமரின் பூர்வீகம் வீராசாமி கதையைவிட ருசியானது. கொள்ளுத்தாத்தா ஜெனரல் வில்லியம் பாமர், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அவர் துணைவி ஃபைஸ் பக்‌ஷ் என்ற முஸ்லிம் சீமாட்டி. 1785 வாக்கில் இந்தக் குடும்பத்தை வைத்து வரைந்த ஓர் ஓவியம் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கோட்டணிந்த துரை நாற்காலியில் இருக்க, சுற்றிலும் பட்டுடுத்திய பெண்களும் குழந்தைகளும். இவர்களுடைய மகன் ஹைதராபாதில் வட்டிக்கடை என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய வங்கி நடத்தினார். நிஜாமுக்கே கடன் கொடுத்தவர்.

எட்வர்ட் பாமர் 1896-இல் லண்டனில் மசாலாப் பொடி, ஊறுகாய் விற்கும் கம்பெனி ஆரம்பித்தபோது அதற்கு வீராசாமி என்று பெயர் வைத்தார். பிற்பாடு சமையல் புத்தகம் எழுதியபோதும் அதே பெயரைத்தான் போட்டுக்கொண்டார். பாமர் என்ற பெயரில் விற்கும் சட்னியை எந்தத் துரை வாங்குவான்? வியாபாரத் தந்திரமாகவே எனக்குப் படுகிறது. 1924, 25-இல் வெம்ப்ளியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சி நடந்தபோது இந்திய அரங்கின் உணவகப் பொறுப்பு இவரிடம் வந்தது. கூட்டத்தைப் பார்த்தார். பொருட்காட்சி முடிந்த மறு வருடமே ரீஜண்ட் தெருவில் நிரந்தரமாக அடுப்பு மூட்டிவிட்டார்.

முதல் வாடிக்கையாளர்களில் பலர் இந்தியாவில் கலெக்டராகவும் கர்னலாகவும் இருந்து ஓய்வு பெற்று, ஊர் திரும்பிய பிறகு நாக்கு செத்துப்போனவர்கள். தலைப்பாகை கட்டிய சிப்பந்தி வந்து குனிந்து பரிமாறினால் அவர்களுக்குப் பழைய அதிகாரம் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பக் கிடைத்தது. முப்பதுகளில் வில்லியம் ஸ்டூவர்ட் என்பவர் கடையை வாங்கினார். அவர் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, நாடாளுமன்றக் கேன்டீன் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். கறிக்குப் பீர் குடிக்கும் ஆங்கிலேயப் பழக்கம் இங்கேதான் பிறந்தது, டென்மார்க் இளவரசர் ஒருவர் சாப்பாட்டில் சொக்கிப்போய் ஆண்டுதோறும் ஒரு பீப்பாய் கார்ல்ஸ்பெர்க் அனுப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். இந்த மாதிரி கதை இல்லாமல் எந்த ஹோட்டலும் நூறு வயது வாழ்வதில்லை.

கதையில்லாத விஷயம் ஒன்று உண்டு. கப்பல்களில் கரி அள்ளிப் போட வந்து லண்டனில் இறங்கிவிட்ட சில்ஹெட் பகுதி ஆட்கள் இதுபோன்ற சமையலறைகளில்தான் தொழில் படித்தார்கள். பிரிட்டனில் தெருவுக்குத் தெரு இந்தியன் ரெஸ்டாரண்ட் என்று பலகை மாட்டியவர்களில் பெரும்பாலானோர் அவர்கள் வழிவந்த வங்காளதேசத்துக்காரர்கள்.

நாங்கள் அங்கே போனது ஒரு கார்ப் பயணத்தின் கடைசியில். ஸ்காட்லாந்து வரை போய்விட்டு எம்1 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கும் மைத்துனன். வழிச்சாப்பாடு என்று சொன்னால் இங்கே நெடுஞ்சாலை ஓய்விடம்தான். வாட்ஃபோர்ட் கேப் ஓய்விடம் 1959-இல் அந்தச் சாலை திறந்த அன்றே திறந்தது. அறுபதுகளில் பாட்டுக் குழுக்கள் நடுராத்திரியில் கச்சேரி முடித்து இறங்கிச் சாப்பிட்ட இடம். இப்போது அங்கே கிடைப்பது எந்த நாட்டிலும் கிடைக்கும் பர்கரும் காகிதக் கோப்பைக் காப்பியும். சரவணம்பட்டி பைபாஸில் நிற்கிறோமா, நார்தாம்ப்டன்ஷயரிலா என்று நாக்கு குழம்பும்.

“அத்தான், வீராசாமில ஒரு வேளை சாப்பிடுற காசுக்கு ஈஸ்ட்ஹாம்ல வீடே சாப்பிட்ரலாம்” என்றான் மைத்துனன். சரிதான். ஆனாலும் கிளம்பினான். மத்திய லண்டனுக்குள் காரை ஓட்டிப் போனால் 2003 முதல் நெரிசல் வரி உண்டு, நிறுத்துவதற்குத் தனிக் காசு. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போனோம்.

நிறம் நிறமான கண்ணாடி விளக்குகள், ரீஜண்ட் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். 1990-களில் கைமாறிய பிறகு இன்றைய உரிமையாளர்கள் ரஞ்சித் மத்ராணி, நமிதா பஞ்சாபி தம்பதி பழைய ராஜ்ஜியப் பகட்டை வேறு விதமாக மீட்டெடுத்திருக்கிறார்கள். 2016-இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. கச்சோரி வந்தது, பிரியாணி வந்தது, மலபார் பக்கத்துக் கறி ஒன்று வந்தது. கை தேர்ந்த சமையல். வீராசாமி என்று பலகை மாட்டிய இடத்தில் ஒரு ரசம் கேட்கத் தோன்றியது எனக்கு. கேட்கவில்லை.

நாங்கள் போன சமயம் கடை கோர்ட்டில் இருந்தது. கட்டடம் விக்டரி ஹவுஸ்; சொந்தக்காரர் க்ரவுன் எஸ்டேட், அதாவது மன்னர் பெயரில் இருக்கிற, லாபம் அரசுக் கருவூலத்துக்குப் போகிற சொத்து நிர்வாகம். ரீஜண்ட் தெரு ஏறக்குறைய முழுக்க அவர்களுடையது. மேல் மாடி அலுவலகங்களைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கீழே நுழைவாயிலைப் பெரிதாக்க வேண்டும், ஆகவே 2025 ஜூனில் முடிகிற குத்தகையை நீட்டிக்க முடியாது என்றார்கள். நூறாவது வயதுக்கு ஒரு வருடம் பாக்கி.

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது, 1954-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம். கடை வைத்திருப்பவருக்குக் குத்தகை முடிந்தாலும் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உண்டு. கோர்ட் முடிவு சொல்லும் வரை காலி செய்யவும் வேண்டாம். அந்த உரிமையை மறுக்க உரிமையாளருக்குச் சில காரணங்களை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. இடிக்கப் போகிறேன், பெரிதாகத் திருத்திக் கட்டப் போகிறேன் என்பது அவற்றில் ஒன்று. உண்மையிலேயே அந்த எண்ணமும் ஏற்பாடும் இருக்கிறது என்று நிரூபித்தால் போதும். குத்தகைதாரர் எத்தனை வருடம் இருந்தார், யார் யார் வந்து சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்தால் காப்பாற்றிவிடலாமே என்பீர்கள். ஹாக்னியில் பிராட்வே மார்க்கெட் என்று ஒரு கடைத்தெரு. அங்கே நூறு வருடத்துக்கு மேலாக விலாங்குமீனும் இறைச்சிப் பையும் மசித்த உருளைக்கிழங்கும் விற்ற கடை ஒன்று இருந்தது. லண்டன் உழைப்பாளிகளின் சாப்பாடு அது. கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளது. ஓடு பதித்த சுவர் இன்றும் பளபளக்கிறது. அங்கே இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். சட்டம் சுவரைக் காக்கும், அடுப்பைக் காக்காது.

எனக்கு வீராசாமியைவிட அதிகம் வலிப்பது இண்டியா கிளப். ஸ்ட்ராண்ட் சாலையில் 143-ஆம் எண். குறுகலான படியேறிப் போக வேண்டிய மாடி. 1951-இல் தொடங்கியது. இந்திய விடுதலைக்காகப் பாடுபட்ட இந்தியா லீக்கின் வி.கே. கிருஷ்ண மேனனோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இடம். மலபாரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், சுதந்திர இந்தியாவின் முதல் லண்டன் தூதர். சம்பளம் குறைந்த இந்தியர்கள் வயிறார உண்டு அரசியல் பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். சுவரில் காந்தியும் தாதாபாய் நௌரோஜியும். சாதாரண மேசை, மசாலா தோசை, மிளகாய் பஜ்ஜி. கூப்பிடு தூரத்தில் இந்தியத் தூதரகம். எதிர்ப்பக்கம் 2012 வரை பிபிசி இருந்த புஷ் ஹவுஸ். பல்லாண்டு காலம் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை அந்தக் கட்டடத்திலிருந்துதான் ஒலித்தது. செய்தி வாசித்துவிட்டுச் சாலையைக் கடந்தால் தோசை என்ற பாக்கியம் வேறு எந்த வெளிநாட்டுத் தமிழ் அறிவிப்பாளருக்கு வாய்த்தது?

1997 முதல் அதை நடத்தியது மார்க்கர் என்ற பார்சிக் குடும்பம். 2018-இல் கட்டடக்காரர்கள் அதைத் திருத்தி நவீன ஹோட்டலாக்க அனுமதி கேட்டபோது ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி மறுத்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் திட்டம் அழியவில்லை, தள்ளித்தான் போயிற்று. 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி கடைசிப் பந்தி. அன்று படிக்கட்டு தாண்டித் தெருவரை வரிசை நின்றது. அந்த வரிசையில் கால்வாசிப் பேர் வாராவாரம் சாப்பிட வந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதனால் குத்தகை நீண்டிருக்காது என்பதும் தெரியும்.

இவை இரண்டுக்கும் முன்னோடி ஒன்று இருந்தது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810-இல் போர்ட்மன் சதுக்கத்தை ஒட்டி ஹிந்துஸ்தானி காப்பிக் கடை என்ற பெயரில் ஹூக்காவும் கறியும் விற்றார். இரண்டே வருடத்தில் திவால். பிறகு பிரைட்டன் போய் ஷாம்பு குளியல் நடத்தி இரண்டு மன்னர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டுப் பேர் வாங்கினார். ஜார்ஜ் தெருவில் கடை இருந்த இடத்தருகே 2005-இல் பச்சை வட்டப் பலகை பதித்தார்கள். மூடிய கடைக்கு லண்டன் தரும் மரியாதை அற்புதமானது.

நாம் மட்டும் என்ன கிழித்தோம்? சென்னை கதீட்ரல் சாலையில் 1962-இல் கிருஷ்ணா ராவ் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரிலேயே உட்கார்ந்து போண்டா சாப்பிட்ட மூன்று தலைமுறையின் இடம். நிலம் அரசுடையது. 2008-இல் மூடினார்கள், 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா. பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது, ஆட்சேபம் இல்லை. அண்ணா சாலையில் புஹாரி, இண்டியா கிளப் பிறந்த அதே 1951-இல் பிறந்து, இன்னும் பிரியாணி போடுகிறது.

லண்டனை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின இரவு மைத்துனன் தன் பங்குக்கு எங்களை ஈஸ்ட்ஹாம் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனான். யாழ்ப்பாணத்துக்காரர் நடத்துகிறார், தகரக் கல்லில் கொத்து ரொட்டி வெட்டும் சத்தம் தெரு முனைவரை கேட்டது. எந்த வரலாற்று நூலிலும் இல்லாத கடை. அங்கேயும் கட்டடம் வேறு ஒருவருடையது. சும்மா இருக்காமல் முதலாளியிடம் குத்தகை எத்தனை வருடம் என்று கேட்டேன்.

“இன்னும் ஆறு வருசம் கிடக்கு. பேந்து பாப்பம்” என்றார். “ஆட்டுக் கொத்தோ, கோழிக் கொத்தோ?”