வளைந்து கொடுக்கும் கண்ணாடி

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைந்தவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரியும். முதலில் எதிரே வந்து ஆளைத் தடுக்கும். சில எட்டு வைத்ததும் முதுகுப்பக்கம் வந்து உள்ளே தள்ளும். ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று ஒரு தடையில் மோதினால் எப்படிப் பிரிந்து சுழலும் என்பதற்கு உடம்பே சாட்சி. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் இந்தக் காற்று, வானத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பெரிய தொல்லை.

ஐந்தருவியிலிருந்து திரும்புகையில் மேகம் விலகி ஒரு நட்சத்திரம் தெரிந்தால் அது துடிக்கும். சூடும் குளிருமாகப் பிரிந்து கிடக்கும் காற்றுத் திரள்கள் ஒளியை ஆளுக்கொரு பக்கம் வளைப்பதுதான் காரணம். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் குலையாமல் வந்த ஒளியலை, கடைசிச் சில கிலோமீட்டரில் கசங்கிவிடுகிறது. சிற்றாற்றின் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல் நெளிந்து தெரிவதைப்போலத்தான் இதுவும்.

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கில், 0.06 அளவு நுணுக்கத்தைக்கூட அது பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் காற்று அந்த ஒளிப்புள்ளியை ஒரு பங்குக்கும் மேலாக விரித்துவிடுகிறது. ஆடியை இன்னும் பெரிதாக்கினால் ஒளி கூடுதலாகச் சேரும், தெளிவு கூடாது. நம்மூர் மலைகளுக்கு இது தீராத குறை.

1953-இல் அமெரிக்க வானியலாளர் ஹோரஸ் பாப்காக் ஒரு வழி சொன்னார். காற்று அலையை எவ்வளவு கசக்கியது என்று உடனுக்குடன் அளந்து, அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு கண்ணாடியை வளைத்தால் என்ன? கண்ணாடிமேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, எலெக்ட்ரான் கற்றையால் அதை மேடுபள்ளமாக்கலாம் என்பது அவர் யோசனை. அன்றைக்கு அதைச் செய்ய வேகமான கணினி இல்லை. பிறகு அமெரிக்க ராணுவம் இதைக் கையிலெடுத்தது. 1991 வரை பெரும்பகுதி ரகசியமாகவே கிடந்தது. அதற்குள் ஐரோப்பிய வானியலாளர்கள் 1989-இல் தாங்களாகவே செய்து காட்டிவிட்டார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. வரும் ஒளியில் கொஞ்சம், நுண் வில்லைகளின் வரிசைமேல் விழும். வில்லைக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் உண்டாகும். அலை கசங்கியிருந்தால் புள்ளிகள் இடம் மாறும். அந்த மாற்றத்தைக் கணினி படித்து, மெல்லிய கண்ணாடியின் முதுகில் இருக்கும் உந்திகளுக்குக் கட்டளை அனுப்பும். உந்தி அசைவது சில மைக்ரான்தான். ஒளி போய்த் திரும்புவதால், திருத்த வேண்டிய அளவில் பாதி அசைந்தாலே போதும். சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி ஒன்றில் 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள 1.1 மீட்டர் கண்ணாடியை 1170 உந்திகள் காந்த விசையால் தாங்கி, நொடிக்கு ஆயிரம் தடவை வடிவம் மாற்றுகின்றன.

கோடைக்கானலில் 60 மீட்டர் சுரங்கம் கொண்ட கோபுரத் தொலைநோக்கி 34 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரிய பிம்பத்தை விழவைக்கும். வெயில் ஏற ஏற அந்தப் பிம்பம் தளும்பும். பிம்பத்தின் ஆட்டத்தை மட்டும் நிறுத்தும் சாய்வுக் கண்ணாடி அமைப்பை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அது முதல் படி. புணேயின் ஐயூகா நிறுவனம் அமெரிக்காவின் கால்டெக்குடன் சேர்ந்து உருவாக்கிய ரோபோ-ஏஓ என்ற கருவி இன்னும் முன்னே போனது. கலிபோர்னியாவின் பாலமர் மலையில் 1.5 மீட்டர் தொலைநோக்கியில், கண்ணுக்குத் தெரியாத புறஊதா லேசரால், அலையின் கசங்கலை அளக்க வானில் செயற்கை நட்சத்திரம் ஒன்றை உண்டாக்கி, ஆள் துணையின்றித் தானாகவே நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களைப் படமெடுத்தது.

எனக்கு இதில் பெரிய விஷயமாகத் தெரிவது கண்தான். காற்று நட்சத்திரத்துக்குச் செய்வதை, நம் விழிவெண்படலமும் வில்லையும் விழித்திரைக்குச் செய்கின்றன. மூக்குக்கண்ணாடிக்கு எழுதித்தரும் பவரும் சிலிண்டரும் பெரிய குறைகளைத்தான் சரிசெய்யும். நுணுக்கமான கோணல்கள் அப்படியே இருக்கும். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவை விரிந்தால் அவை இன்னும் கூடும். அதனால்தான் உயிருள்ள கண்ணில் தனித்தனிச் செல்லைப் பார்ப்பது அத்தனை கடினமாக இருந்தது.

1997-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியாங், வில்லியம்ஸ், மில்லர் மூவரும் வானியலாளர்களின் அதே முறையைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் கண்ணாடிக்கு 37 உந்திகள். விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தன. இரண்டே ஆண்டில் சிவப்பு, பச்சை, நீலம் உணரும் கூம்புகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று உயிருள்ள மனிதக் கண்ணிலேயே ரூர்டாவும் வில்லியம்ஸும் வரைபடம் போட்டார்கள்.

தென்காசிப் பக்கத்துச் சர்க்கரை நோயாளிகள் திருநெல்வேலிக்குக் கண் காட்டப் போனால் இந்தக் கருவி இருக்குமா? இன்னும் இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துப் பொருள்தான். ஒரு நேரத்தில் விழித்திரையில் ஒன்றிரண்டு பாகை அகலமே படம் விழும். கண்புரை முற்றியவருக்குப் பயன்படாது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் மருத்துவமனைக்கு இப்படித் துண்டு துண்டாகப் படமெடுக்கும் வேகம் கட்டுப்படியாகாது. சிலிக்கான் சில்லுபோலவே செய்யும் சிறு கண்ணாடிகள் வந்தபின் கருவி சுருங்கியிருக்கிறது. நம்மூர் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டதென்றே நினைக்கிறேன். இன்று எண்ணிய கூம்புச் செல்களை ஆறு மாதம் கழித்து, அதே கண்ணில் அதே இடத்தில் மறுபடி எண்ண முடியும். மருந்து கேட்கிறதா என்று அறியப் பார்வை மங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.