வாலைத் தின்று வளரும் தவளை

தவளை, தேரை, சாலமாண்டர், சிசிலியன் ஆகிய முதுகெலும்பு விலங்குகளை அறிவியல் ஒரே வகுப்பில் சேர்த்து இருவாழ்விகள் என்கிறது. பாடநூல்களில் நீர்நில வாழ்வன என்ற பெயரும் உண்டு. நீரிலும் நிலத்திலும் திரிவதை மட்டும் வைத்து இந்தப் பெயரைப் புரிந்துகொள்ளக் கூடாது. முதலையும் ஆமையும்கூட இரண்டு இடத்திலும் வாழ்கின்றன, அவை ஊர்வன. இருவாழ்வியின் தனித்தன்மை, ஒரே பிறவியில் அது இரண்டு உடல் எடுப்பது. பெரும்பாலும் முட்டையிலிருந்து மீன் போன்ற உடலோடு வெளிவந்து, நீந்தித் திரிந்து, பிறகு அந்த உடலைத் தானே கலைத்து, அதே பொருளிலிருந்து நான்கு கால்களுள்ள வேறோர் உடலைக் கட்டிக்கொள்கிறது.

இன்று அறியப்பட்டுள்ள இருவாழ்வி இனங்கள் 8,000-க்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தவளைகளும் தேரைகளும்தான். வாலுள்ள சாலமாண்டர்கள் பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நாடுகளில் வாழ்பவை. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கத்து இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் காணலாம். மூன்றாவது கூட்டமான சிசிலியன்களுக்குக் கால்களே இல்லை. பெரிய மண்புழு போலத் தோன்றும் இவை ஈரமண்ணுக்குள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களில் மண்ணைக் கொத்தும்போது வெளியே வரும் சிசிலியனைப் பாம்புக்குட்டி என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மனிதருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை.

தவளைக்கும் தேரைக்கும் உள்ள வேறுபாடு பேச்சு வழக்கில் ஊருக்கு ஊர் மாறும். உலர்ந்து சொரசொரப்பாக இருக்கும் தோலுள்ளதைத் தேரை என்று நூல்கள் வகுத்தாலும், குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையைத்தான் பல வீடுகளில் தேரை என்கிறார்கள். மண்ணில் புதைந்து கிடக்கும் வகைக்கு நுணல் என்ற பழம்பெயர் தமிழில் உண்டு. பின்னங்காலின் அடியில் மண்வெட்டி முனை போன்ற கெட்டியான மேடு ஒன்று அதற்கு இருக்கும். அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கிவிடும்.

இருவாழ்விகளின் வாழ்வு முழுவதையும் விளங்கிக்கொள்ள அவற்றின் தோலிலிருந்து தொடங்குவது நல்லது. பல்லியின் செதிலோ பறவையின் இறகோ போன்ற காப்பு எதுவும் அதற்கு இல்லை. மெல்லியது, ஈரமானது, நீரையும் காற்றையும் ஊடுருவ விடுவது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமான இடத்தில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்தால் போதும், அடிவயிற்றுத் தோல் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மூச்சிலும் பெரும்பங்கைத் தோலே பார்த்துக்கொள்கிறது. நுரையீரல் இருந்தாலும் அதை நிரப்பும் முறை கடினமானது. பெரும்பாலான தவளைகளுக்கு விலா எலும்பு இல்லாததால், மார்பை விரித்துக் காற்றை உள்ளே இழுக்க முடியாது. வாயின் அடித்தளத்தைத் தாழ்த்திக் காற்றை வாங்கி, பிறகு அதை உயர்த்தி நுரையீரலுக்குள் தள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் தவளையின் தொண்டை ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். அமெரிக்கக் கண்டங்களில் மிகுந்துள்ள ஒரு சாலமாண்டர் குடும்பத்துக்கு நுரையீரலே கிடையாது. தோலும் வாயின் உட்புறமுமே அவற்றுக்கு மூச்சுறுப்புகள்.

இந்த வசதிக்கு விலையும் உண்டு. நீர் உள்ளே வரும் தோலின் வழியாகவே நீர் வெளியேயும் போய்விடும். காய்ந்த காற்றில் தவளை விரைவில் வற்றிச் செத்துவிடும். ஆகவேதான் அது பகலில் ஒளிகிறது, இரவில் இரைதேடுகிறது, மழைக்குக் காத்திருக்கிறது. தோலின் சுரப்பிகள் ஈரம் காக்கும் வழவழப்பையும், எதிரிகளை விரட்டும் கசப்பையும் நஞ்சையும் சுரக்கின்றன. தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருப்பது அப்படியொரு நச்சுச் சுரப்பி. தேரையைத் தொட்டால் கையில் மரு வரும் என்பது மட்டும் வெறும் நம்பிக்கை. மருவுக்குக் காரணம் மனிதரிடையே பரவும் வைரஸ்.

முதல் கனமழை விழுந்த இரவில் குளக்கரையில் எழும் இரைச்சல் ஆண்களின் குரல். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, நுரையீரலின் காற்றைக் குரல்வளை வழியே தொண்டைப் பைக்குத் தள்ளி, மறுபடி உள்ளே வாங்குகிறது ஆண் தவளை. ஒரே காற்று போய்ப் போய்த் திரும்புவதால் நீருக்குள் பாதி முழுகியபடியும் அதனால் கத்த முடிகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல். பத்து இனங்கள் ஒரே குளத்தில் கத்தினாலும் பெண் தவளை தன் இனத்தின் குரலைப் பிரித்தறிந்து வந்துசேரும். இந்தியக் காளைத்தவளையின் ஆண் இந்த நாட்களில் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது: மங்கிய பச்சையாகக் கிடந்தது எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைக்க நிற்கும். தவளை தன் வாயால் கெடும் என்று பழமொழி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஒரு வகை வௌவால், கத்தும் குரலைக் கேட்டே தவளையைத் தேடி வந்து பிடிக்கிறது.

ஆண் பெண்ணின் முதுகில் ஏறி முன்கால்களால் இறுகப் பற்றிக்கொள்கிறது. பெண் முட்டைகளை நீரில் விடும்போதே ஆண் அவற்றின்மேல் விந்தைப் பொழிகிறது. தவளை முட்டைக்கு ஓடு இல்லை. அதைச் சுற்றியுள்ள பசை நீரில் ஊறி உப்பி, கண்ணாடி போன்ற கூழாகிறது. தவளையின் முட்டைகள் திரள்திரளாகக் கிடக்கும். தேரையின் முட்டைகள் கருமணி கோத்த நூல்போல நீர்ச்செடிகளைச் சுற்றி நீளும்.

சில நாட்களில் தலைப்பிரட்டை வெளிவருகிறது. தலையும் வாலும் தவிர வேறொன்றும் இல்லாத உருவம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. முதலில் கழுத்தோரம் சிறு இறகுகள் போல வெளிச்செவுள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விரைவில் ஒரு தோல்மடிப்பு அவற்றை மூடிவிட, உட்செவுள்கள் வேலையை ஏற்கின்றன. வாயில் நகம் போன்ற கெட்டிப் பொருளாலான அலகும், வரிசை வரிசையான நுண்பற்களும் உண்டு. கல்லிலும் செடியிலும் படிந்த பாசியை அவற்றால் சுரண்டித் தின்னும். பாசியைச் செரிக்க நேரம் வேண்டும் என்பதால் குடல் மிக நீளமானது. கடிகாரச் சுருள்வில் போல அது வயிற்றுக்குள் சுற்றிக் கிடப்பதைத் தோலின் வழியாகவே பார்க்கலாம். எல்லாத் தலைப்பிரட்டையும் பாசி தின்னி அல்ல. காளைத்தவளையின் குஞ்சுகள் மற்றத் தலைப்பிரட்டைகளைப் பிடித்துத் தின்பவை.

பின்னங்கால்கள் முதலில் தெரிகின்றன, வாலின் அடியில் இரண்டு மொட்டுகளாக. முன்னங்கால்களும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் செவுளை மூடிய தோல்மடிப்புக்குள் மறைந்து வளர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருநாள் முழங்கை தோலைத் துளைத்துக்கொண்டு திடீரென்று வெளியே வரும். அதற்குப் பின் எல்லாம் விரைவாக நடக்கிறது. அலகும் நுண்பற்களும் உதிர்கின்றன. வாய் பக்கவாட்டில் கிழிந்ததுபோல அகன்று, கண்ணுக்குக் கீழ்வரை நீள்கிறது. கண்கள் மேலேறிப் புடைத்து, இமை பெறுகின்றன. நாக்கு உருவாகிறது. நீண்ட சுருள்குடல் சுருங்கி, பூச்சியைச் செரிக்கும் குட்டைக் குடலாகிறது. செவுள் கரைய, நுரையீரல் பொறுப்பேற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின்கூட வேறு வகையாக மாறுகிறது. தலைப்பிரட்டை தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாக நீரில் விட்டுவந்தது. நிலத்தில் அந்த நஞ்சைக் கரைத்து அனுப்ப அவ்வளவு நீர் கிடைக்காது என்பதால், கல்லீரல் அதை யூரியாவாக மாற்றப் பழகுகிறது.

இந்த நாட்களில் அதனால் இரை உண்ண முடியாது. பழைய வாய் போய்விட்டது, புதிய வாய் முடியவில்லை. அப்போது வால் உணவாகிறது. பல்லியின் வால்போல அது அறுந்து விழுவதில்லை. வாலின் தசையும் நரம்பும் செல் செல்லாகத் தம்மைத் தாமே சிதைத்துக்கொள்ள, அந்தப் பொருளை இரத்தம் உடலுக்குள் எடுத்துச்செல்கிறது. வால் இல்லாமற்போகும் நாளில் தவளைக்குட்டி கரையேறிவிடுகிறது.

இத்தனையையும் தொடங்கிவைப்பது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி. 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் துணுக்குகளைத் தீனியாகப் போட்டார். வளர வேண்டிய காலத்துக்கு முன்பே அவை உருமாறி மிகச்சிறு தவளைகளாயின. சுரப்பியை அகற்றிவிட்டால் நடப்பது இதற்கு நேர்மாறு: தலைப்பிரட்டை தவளையாகாமல் தலைப்பிரட்டையாகவே பெருத்துக்கொண்டு போகும். வியப்பு என்னவென்றால், ஒரே ஹார்மோன்தான் காலைப் பார்த்து வளரச் சொல்கிறது, வாலைப் பார்த்துச் சாகச் சொல்கிறது. கட்டளை ஒன்று, கேட்கும் திசு எது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. குட்டை வற்றத் தொடங்கினால் உடலின் நெருக்கடி ஹார்மோன் தைராய்டோடு சேர்ந்துகொண்டு மாற்றத்தை விரைவுபடுத்தும். உயிர் தப்பும், ஆனால் கரையேறும் தவளை சிறுத்திருக்கும்.

மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியில் வாழும் ஆக்சோலாட்டல் என்ற சாலமாண்டர் இந்த மாற்றத்துக்கு வருவதே இல்லை. வெளிச்செவுளோடு, குஞ்சு உருவத்திலேயே இனப்பெருக்கம் செய்து நீரிலேயே வாழ்ந்து முடிக்கிறது. தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் அதுவும் உருமாறிக் கரையேறும். கால் அறுந்தால் எலும்பும் தசையும் நரம்புமாக முழுக்காலையும் மீண்டும் வளர்த்துக்கொள்ளும் திறனுக்காக ஆய்வகங்களில் இதைப் போற்றி வளர்க்கிறார்கள்.

நீரில் இட்ட முட்டை மீனுக்கும் தட்டாம்பூச்சிக் குஞ்சுக்கும் இரையாகும், குளமும் வற்றும். இதிலிருந்து தப்ப இருவாழ்விகள் கண்டுகொண்ட வழிகள் பல. மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் தவளை, நீருக்கு மேலே தொங்கும் இலைகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுகிறது. கூட்டின் வெளிப்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். பொரிந்த குஞ்சுகள் நேரே கீழேயுள்ள நீரில் விழும். அதே மலையின் சிறு புதர்த்தவளைகள் இன்னும் துணிந்தவை. அவற்றின் குஞ்சு தலைப்பிரட்டைப் பருவம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே கழித்துவிட்டு, கடுகளவுத் தவளையாக வெளியே வருகிறது, குளமே தேவையில்லை. களக்காடு-முண்டந்துறைக் காட்டில் வாழும் ஒரு புதர்த்தவளை, மூங்கில் கணுவிடையிலுள்ள குறுகிய பிளவு வழியாக உள்ளே நுழைந்து முட்டையிடும். ஆண் உள்ளேயே இருந்து முட்டைகளைக் காக்கும். இலங்கையின் மழைக்காடுகளிலும் இப்படி நேரே தவளையாகப் பொரியும் இனங்கள் மிகுதி.

சிசிலியன்களின் தாய்மை இன்னும் வியப்பானது. இந்தியாவின் இக்தியோபிஸ் வகைத் தாய், மண்ணுக்குள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கிறது. கென்யாவின் தைட்டா மலைச் சிசிலியனோ தன் மேல்தோலைக் கொழுப்பேற்றித் தடிக்கச் செய்துகொள்ளும். குட்டிகள் அதற்கென்றே அமைந்த பற்களால் அந்தத் தோலை உரித்துத் தின்று வளரும். 2006-இல் வெளியான ஆய்வில் இது தெரியவந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளைக்குத் தனி இடம் உண்டு. கூர்ந்த மூக்கும் உப்பிய உடலுமாக, மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்து, ஆண்டில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வருகிறது. 2003-இல் பிஜு, போசூட் இருவரும் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். இதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில். இந்திய நிலமும் அத்தீவுகளும் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்தின் சான்று இது. இதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் வளர்வதில்லை. மழைக்கால ஓடையின் பாய்ச்சலில், வாயையே உறிஞ்சுகுழிபோல வைத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும். கேரளத்துப் பழங்குடியினர் இந்தத் தலைப்பிரட்டைகளை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டிலிருந்து இதன் தம்பி இனம் ஒன்று 2017-இல் விவரிக்கப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைப் பெற்றது.

உலகின் இருவாழ்வி இனங்களில் ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கணக்கிட்டது. வேறெந்த முதுகெலும்பு விலங்கு வகுப்பும் இந்த நிலையில் இல்லை. காடும் சதுப்பும் குளமும் குறைவது முதற்காரணம். உணவுக்காகப் பிடிப்பதும் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. காளைத்தவளைகளின் கால்களை வெட்டி ஏற்றுமதி செய்ததை இந்தியா 1987-இல் தடைசெய்தது. தோல் வழியே எல்லாம் உள்ளே புகும் என்பதால் வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் தவளையை எளிதில் தாக்குகிறது.

கைட்ரிட் என்ற நுண்பூஞ்சை தாக்குவதும் தோலைத்தான். 500-க்கும் மேற்பட்ட இனங்களைக் குறைத்து, அவற்றில் 90 இனங்களை அழித்திருக்கக்கூடும் என்று 2019-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். தோலிலுள்ள கெரட்டின் என்ற பொருளில் குடியேறும் இந்தப் பூஞ்சை, தோல் உப்புகளைக் கடத்தும் வேலையைக் கெடுக்கிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுபோகிறது. தலைப்பிரட்டைக்குக் கெரட்டின் வாயில் மட்டுமே இருப்பதால் அது நோயைச் சுமந்தபடியே உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். உருமாற்றத்தின்போது உடல் முழுவதும் கெரட்டின் பரவுகிறது; பூஞ்சையும் கூடவே பரவுகிறது. வாலைக் கரைத்து, கால் முளைத்து, கரையேறிய சில நாட்களில் குட்டித்தவளைகள் அங்கேயே செத்துக் கிடக்கின்றன.