மாசம் ஒரு தவணை... உங்க வீட்டு நாய்க்கு ஹெல்த் பிளான் எடுக்கலாமா?

வீட்டில் நாய் இருக்கிறதா? அதன் தடுப்பூசி கார்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருக்கும். குட்டியைத் தூக்கிவந்த புதிதில் ஓடி ஓடிப் போட்ட ஊசிகள் அவை. இரண்டாம் பக்கம் பாதி காலி. மூன்றாம் பக்கம் பல வீடுகளில் வெள்ளையாகவே இருக்கும். இதைப் பாசக்குறைவு என்று சொல்ல முடியாது. போன மாதம் ஸ்கூல் ஃபீஸ், இந்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். 'நல்லாத்தானே ஓடிட்டு இருக்கான், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போயிருக்கும்.

இந்தத் தள்ளிப்போடுதலைக் குறிவைத்து வந்ததுதான் மாதத் தவணை ஹெல்த் பிளான். கிட்டத்தட்ட நகைச் சீட்டு மாதிரி. மாதாமாதம் ஒரு தொகையை கால்நடை மருத்துவமனைக்குக் கட்டிவிட வேண்டும். அந்த வருடத்துக்கான தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, பொதுப் பரிசோதனை, சில இடங்களில் ரத்தப் பரிசோதனை, பல் சுத்தம் வரை எல்லாம் அதற்குள் அடங்கும்.

அமெரிக்காவில் இது பழைய சங்கதி. போர்ட்லாண்டில் 1955-ல் தொடங்கிய பான்ஃபீல்டு என்ற செல்லப்பிராணி மருத்துவமனை, 1988-லேயே இப்படிப்பட்ட திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. இன்று அதற்கு அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள். உரிமையாளர் யார் தெரியுமா? சாக்லேட்டுக்குப் பேர்போன அதே மார்ஸ் நிறுவனம்தான்! (சாக்லேட் நாய்க்கு விஷம். குழந்தைகள் பாசமாக ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) இங்கிலாந்திலும் பல கிளினிக்குகளில் பிளான் உண்டு. நாயின் எடையைப் பொறுத்து கட்டணம் மாறும். நம் ஊரிலும் பெருநகர கிளினிக்குகளில் 'பேக்கேஜ்', 'மெம்பர்ஷிப்' என்ற பெயர்களில் இது தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. அதனால், 'சார், பிளான்ல சேர்ந்துடுங்களேன்' என்று ரிசப்ஷனில் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

ஒரு ஊசி தவறினால் என்ன ஆகும்?

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் கூட்டுத் தடுப்பூசி. அதன்பின் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 'ஒரே ஊசியை எதுக்கு இத்தனை தடவை? காசு பிடுங்கவா?' என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு.

காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருகிறது. அது உடம்பில் இருக்கும்வரை, ஊசியில் போகும் தடுப்பு மருந்தையும் 'எதிரி' என்று நினைத்து அழித்துவிடும். தாயிடமிருந்து வந்த சக்தி எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒன்றுக்கு எட்டாவது வாரம், இன்னொன்றுக்கு பதினைந்தாவது வாரம். அது எந்த வாரம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போடுகிறார்கள். 16 வாரத்தில் போடும் கடைசி ஊசிதான் பல குட்டிகளுக்கு உண்மையில் வேலை செய்யும் ஊசி. முதல் இரண்டு ஊசிகளைப் போட்டுவிட்டு, 'போட்டாச்சு' என்று கடைசி ஊசியை விட்டுவிடும் வீடுகளில்தான் பார்வோ வைரஸ் புகுந்துவிடுகிறது.

பார்வோ வந்த குட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. ரத்தமாகப் பேதி, நிற்காத வாந்தி. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியைக் கட்டுப்படுத்தி, வேறு தொற்று சேராமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, நாள்கணக்கில் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வழக்கமான சிகிச்சை. அத்தனையும் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. அந்த ஒரு வாரத்துக்கு ஆகும் செலவில் தடுப்பூசிகளைப் பல வருடங்களுக்குப் போட்டுவிடலாம். வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், அதே வீட்டுக்கு அடுத்த குட்டியைக் கொண்டுவருவதும் ஆபத்து.

வெறிநோய் இன்னும் மோசம். அறிகுறி தெரிந்துவிட்டால் நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி, பிழைப்பது அரிதிலும் அரிது. மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் எலிக் காய்ச்சலும் நாயிடமிருந்து வீட்டு மனிதர்களுக்குத் தொற்றக்கூடியது. அதற்கான தடுப்பூசியின் பலன் ஒரு வருடம்தான்.

பிளானின் உண்மையான பலன் இங்கேதான் என்று நினைக்கிறேன். தள்ளுபடி எல்லாம் இரண்டாம் பட்சம். பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, தேதி வந்ததும் கிளினிக்கிலிருந்து மெசேஜும் வருகிறது என்றால் நாம் கிளம்பிவிடுவோம். கன்சல்டேஷனும் பிளானில் அடங்கியிருந்தால் இன்னும் நல்லது. 'டாக்டரிடம் போனாலே காசு' என்று மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகிறவர், முதல் நாள் சாப்பிடாதபோதே தூக்கிக்கொண்டு போவார். நாய்க்கு அந்த இரண்டு நாள் ரொம்பப் பெரிசு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சரி, பணத்துக்கு வருவோம். கீழே இருப்பவை கணக்கு புரிவதற்காக நானே போட்டுக்கொண்ட எண்கள். உங்கள் கிளினிக்கின் ரேட்டை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ந்த நாய் ஒன்றுக்கு பிளான் மாதம் 700 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 8,400. இதே சேவைகளைத் தனித்தனியாக வாங்கினால், நான்கு கன்சல்டேஷன் 1,600, கூட்டுத் தடுப்பூசி 1,000, வெறிநோய் ஊசி 400, குடற்புழு மாத்திரை நான்கு தடவைக்கு 400, ரத்தப் பரிசோதனை 1,200, உண்ணி மருந்து மாதம் 400 வீதம் 4,800. கூட்டினால் 9,400. ஆக, எல்லாவற்றையும் பயன்படுத்தினால் 1,000 ரூபாய் லாபம். ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை, கன்சல்டேஷனும் இரண்டோடு நின்றுவிட்டது என்றால்? உங்கள் பயன்பாடு 7,400. இப்போது 1,000 ரூபாய் நஷ்டம். ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டிவிட்டுப் பிப்ரவரியோடு நின்றவர்களுக்கு இது நன்றாகவே புரியும்!

குட்டிக்குக் கணக்கு வேறு. ஊசிகளில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். குடற்புழு நீக்கமும் அப்படித்தான். மூன்று மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அதாவது நீங்கள் மூன்று தவணை கட்டி முடிக்கும் முன்பே, வருடத்தின் பெரும்பாலான சேவையை வாங்கிவிட்டிருப்பீர்கள். ஒருவகையில் கிளினிக் உங்களுக்குக் கடன் கொடுக்கிறது. 'ஒரு வருடம் கட்டியே ஆக வேண்டும், நடுவில் விலகினால் பாக்கியைக் கொடுக்க வேண்டும்' என்ற நிபந்தனை இதனால்தான் வருகிறது. அது நியாயம்தான். ஆனால், அடுத்த வருடம் குட்டி வளர்ந்த பிறகும் அதே தொகை தானாகத் தொடருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்குக்கு இதில் என்ன லாபம்? மாதாமாதம் நிச்சயமான வருமானம். நர்ஸ் சம்பளம், வாடகை, ஃப்ரிட்ஜில் வைக்கும் தடுப்பூசி ஸ்டாக் எல்லாவற்றுக்கும் அது உதவும். மழைக்காலத்தில் கூட்டம், கோடையில் வெறிச்சோடல் என்று தடுமாறும் சின்ன கிளினிக்குக்கு இது பெரிய ஆறுதல்.

எல்லாருக்கும் ஒரே பேக்கேஜா?

இங்கிலாந்து அனுபவத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. அங்கே பல பிளான்களில் தெள்ளுப்பூச்சி மருந்து வருடம் முழுக்க, மாதாமாதம் சேர்ந்தே வரும். பூச்சி இருக்கிறதோ இல்லையோ, கழுத்தில் ஊற்றிவிட வேண்டியதுதான். 2020-ல் வெளியான சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த தண்ணீர் மாதிரிகளில் 98 சதவிகிதத்தில் ஃபிப்ரோனில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. விவசாயத்தில் அங்கே கைவிடப்பட்ட பூச்சிக்கொல்லி அது. செல்லப்பிராணிகளின் மருந்திலிருந்துதான் ஆற்றுக்குப் போயிருக்க வேண்டும் என்ற சந்தேகம் வலுத்தது. தேவை பார்க்காமல் எல்லா நாய்க்கும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கம், அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 மே மாதம் செல்லப்பிராணி மருத்துவத் துறை மீது முறையான விசாரணையைத் தொடங்கியது. 2013-ல் பத்தில் ஒரு கிளினிக் மட்டுமே பெரிய குழுமங்களிடம் இருந்தது. பத்தே வருடத்தில் அது கிட்டத்தட்ட பத்தில் ஆறாகிவிட்டது. பிளான் விவரங்களை வெளிப்படையாகப் போட வேண்டும், விலகுவதை எளிதாக்க வேண்டும் என்ற யோசனைகளும் அந்த விசாரணையில் பேசப்பட்டன.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. இங்கே குளிர்காலம் வந்து உண்ணியைக் கொல்லப்போவதில்லை. எர்லிக்கியா, பபேசியா என்று உண்ணி பரப்பும் காய்ச்சல்களால் ரத்த அணுக்கள் குறைந்து படுத்துவிடும் நாய்கள் இங்கே ஏராளம். எனவே, தெருவில் வாக்கிங் போகும், தோட்டத்தில் புரளும் நாய்க்கு வருடம் முழுக்க உண்ணி மருந்து என்பது பெரும்பாலும் தேவைதான். எட்டாவது மாடி ஃபிளாட்டை விட்டு இறங்காத பூனைக்கு? அது டாக்டரிடம் பேசி முடிவெடுக்க வேண்டியது. (நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பூனையின் உயிருக்கே ஆபத்து. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால், உண்ணி மாத்திரைக்கு முன் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.)

கூட்டுத் தடுப்பூசியிலும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. குட்டிக்கால ஊசிகளும் ஒரு வருட பூஸ்டரும் சரியாகப் போடப்பட்ட நாய்க்கு, பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பது உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக் காய்ச்சலுக்கு வருடாவருடம் தேவை. பிளானில் எதை எத்தனை தடவை சேர்த்திருக்கிறார்கள், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இது இன்ஷூரன்ஸ் இல்லை

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. நாய் பைக்கில் அடிபட்டாலோ, கர்ப்பப்பையில் சீழ் பிடித்து அவசர ஆபரேஷன் என்றாலோ, பிளான் உதவாது. அதிகபட்சம் பில்லில் சில சதவிகிதம் தள்ளுபடி கிடைக்கலாம். அந்த மாதிரிச் செலவுக்குத் தனியாக பெட் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். அதில் தடுப்பூசிச் செலவு பொதுவாக வராது. ஆனால், தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பார்கள்.

மாதம் 700 ரூபாயே பாரம் என்று இருக்கும் வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் தனியார் பில்லோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. அங்கே போவதோடு, வங்கியில் மாதம் 300 ரூபாய் ஆர்.டி. போட்டு, அதை நாய்க்கென்றே ஒதுக்கிவைக்கலாம். கட்டுப்பாடு இருப்பவர்களுக்கு இதுவே பிளான்தான்!

பிளானில் சேர்வதாக முடிவெடுத்துவிட்டால், வருடத் தொகையை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டும் முறையையே தேர்ந்தெடுங்கள். கிளினிக் இடம் மாறினாலோ, மூடினாலோ, போவது ஒரு மாதத் தவணையோடு நிற்கும். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால், பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஆப்பில் 'மேண்டேட்' பகுதிக்குப் போய் நீங்களே அதை நிறுத்தவும் முடியும். (ஒப்பந்தப்படி பாக்கி இருந்தால், நிறுத்திவிட்டதாலேயே அது தீர்ந்துவிடாது.) எந்த சேவை எத்தனை தடவை, எந்த பிராண்டு மருந்து, வேறு கிளைக்குப் போனால் செல்லுமா, நாயின் எடை கூடினால் கட்டணம் கூடுமா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்கவே மனசு வராத ஒரு கேள்வியும் இருக்கிறது. வருடத்தின் நடுவில் நாய் இறந்துபோனால் மீதித் தவணை என்ன ஆகும்? தள்ளுபடி செய்யும் கிளினிக்கும் இருக்கலாம், பயன்படுத்திய சேவைக்கான பாக்கியைக் கேட்கும் கிளினிக்கும் இருக்கலாம். குட்டி மடியில் துள்ளிக்கொண்டிருக்கும்போது இதைப் பேசுவது கஷ்டம்தான். இருந்தாலும், சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். அந்தச் சமயத்தில் ரிசப்ஷனில் நின்று பணக்கணக்கு பேசும் தெம்பு யாருக்கும் இருக்காது.