மிளகாயின் தலையில் விழும் பழி

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்து எழுந்தவருக்கு நெஞ்சு எரிந்தால், முதலில் திட்டு வாங்குவது மோர் மிளகாய்தான். "கேஸ்ட்ரிக் இருக்கு, காரம் ஆகாது" என்று மறுநாளே ஊறுகாயை ஒதுக்கிவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மட்டும் வழக்கம்போல நடக்கும். எனக்குக் கவலை அந்தப் பதினொரு மணியைப் பற்றித்தான்.

காரத்தால் வயிற்றில் புண் வருமா? பதில் கிளந்தானில் இருக்கிறது. அங்குள்ள மலாய்க்காரர்களுக்கு சம்பாலும் புடுவும் இல்லாமல் சோறு இறங்காது. ஆனாலும் வயிற்றுப்புண் மிகக் குறைவாக உள்ள மக்களில் அவர்களும் அடங்குவர். புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி அவர்களிடம் அரிது. மலேசிய இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அது பல மடங்கு அதிகம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமிக்கு அடுத்த பெரிய காரணம், மூட்டுவலிக்கு நம் பெரியவர்கள் அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை.

அப்படியானால் மிளகாய் முழு நிரபராதியா? இல்லை. அதிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தட்டிவிடுகிறது; தீ இல்லாமலே தீப்பட்ட உணர்வு வரும். குடல் நரம்புகள் ஏற்கெனவே கூருணர்வோடு இருக்கும் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்க்குறி) நோயாளிக்கு அது உண்மையான வலி. அவர் காரத்தைக் குறைப்பது நியாயம்.

நெஞ்செரிச்சலின் கதை வேறு. அஜீரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட 1,000 பேரை ஆராய்ந்து, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமிலம் மேலேறும் தொல்லை இந்தியர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. தொப்பை இதை மோசமாக்கும் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. சாப்பிடும் நேரமும் அப்படித்தான்.

ரொட்டி சானாய் தயாராவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மார்ஜரின் சேர்த்துப் பிசைந்த மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். அவற்றை வீசி விரித்து, மடித்து, கல்லில் மறுபடியும் எண்ணெய் விட்டுச் சுடுவார்கள். "பஞ்சிர்" என்று சொல்லிவிட்டால் ரொட்டி குழம்பிலேயே மூழ்கிவிடும். இவ்வளவு கொழுப்பு உள்ளே போனதும் குடலிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. உணவுக்குழாயின் அடியில் சுருக்குப்பை வாய்போல் இறுகியிருக்கும் தசையையும் தளர்த்துகிறது. சாப்பிட்ட பிறகு அந்த வாய்க்குச் சற்றுக் கீழே அமிலம் ஓர் அடுக்காகத் தேங்கி நிற்கும். உட்கார்ந்திருந்தால் புவியீர்ப்பு அதைக் கீழேயே வைத்திருக்கும். பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிட்டால் அந்தத் துணையும் போய்விடுகிறது.

கிள்ளான் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வருபவரிடம் ஏழு மணிக்கே சாப்பிடுங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. வேலைக்கு நடுவில் வயிறாரச் சாப்பிட்டு, வீடு திரும்பும் வழியில் இட்லியோ இடியப்பமோ கொஞ்சமாக எடுத்துக்கொள்வது அவரால் முடியும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தலாம். இடப்பக்கமாகப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக அமைவதால் அமிலம் மேலேறுவது குறையும்.

தே தாரிக்கில் சிக்கல் வேறு. மலேசியாவில் மூன்று இனத்தவரிலும் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரையான லேக்டோஸைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. ஆனாலும் ஒரே வேளையில் ஏறக்குறைய 12 கிராம் வரை பலர் தாங்குவார்கள். இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் இருப்பது சுமார் 4 கிராம்தான். ஒரு கிளாஸ் தொல்லை தராது. பேச்சு நீள நீள மூன்றாவது, நான்காவது கிளாஸ் வரும்போதுதான் வயிறு ஊதும். "அண்ணே, ஒரு தே ஓ" என்று பாலில்லாத தேநீருக்கு மாறிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வாயுத் தொல்லைக்காரர்கள் சந்தேகிக்க வேண்டியது பருப்பையும் வெங்காயம், பூண்டையும். இவற்றிலுள்ள சில சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதனிடம் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்காக மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த 'ஃபாட்மேப்' உணவுமுறை இத்தகைய சர்க்கரைகளைத்தான் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. இதற்காகச் சாம்பாரையே துறக்க வேண்டாம். பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். பூண்டை முழுப்பல்லாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிடுங்கள். மணம் எண்ணெயில் தங்கும், தொல்லை தரும் சர்க்கரை எண்ணெயில் கரையாது.

வயிற்று வலி வாரக்கணக்கில் தொடர்ந்தால், பார்மசியில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடாமல் கிருமிக்கான மூச்சுச் சோதனை செய்துகொள்ளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்டுச் சோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். உணவு தொண்டையில் சிக்கினாலோ காரணமின்றி எடை குறைந்தாலோ எண்டோஸ்கோப்பியை ஒத்திப்போடாதீர்கள். மலம் தார்போல் கறுத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.